ஐந்து பெட்டைகளும் ஓர் உறுதிமொழியும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பொரித்து ஒரு நாளான கோழிக்குஞ்சைக் கையில் எடுத்து, சிறகை விரித்துப் பார்த்து, இது சேவல், இது பெட்டை என்று சொல்லிவிடும் வித்தை எனக்குத் தெரியும் என்று நான் நம்பினேன். நம்பியது பெரிய குற்றமில்லை. உலகத்தில் எத்தனையோ பேர் எதையெதையோ நம்பிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நான் அதை ஒரு முழு வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அங்கேதான் சறுக்கியது.

சென்ற வாரம் நான் ஸ்கூட்டர் பழகிய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, இதற்கு மேலும் ஒரு மனிதர் அசடாக இருக்க முடியுமா என்று கேட்டு எழுதியிருந்தார். முடியும் அம்மா. இந்த வாரம் பாருங்கள்.

பத்தரை மணிக்கு ஒரு குரல்

அப்போது நாங்கள் திருவனந்தபுரத்தில், வலியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். கீழ்வீடு முழுவதும் எங்கள் வாடகை. முன்னறை இரண்டிலும் என் மனைவி லீலாபாயின் நர்சரிப் பள்ளி. பின்னறை இரண்டில் எங்கள் குடித்தனம். மாடியில் வீட்டுக்காரர் குறுப்பு சார். தலைமைச் செயலகத்தில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். ஆகவே அந்தப் படிக்கட்டில் நாங்கள் சந்திக்கும்போதெல்லாம் என் முதுகு தானாகக் கொஞ்சம் வளையும்.

நான் சொல்லும் நாள் ஐப்பசித் துலாவர்ஷ மழை ஓய்ந்த ஒரு காலை. எனக்கு கேஷுவல் லீவு. முன்னறையில் பதினெட்டுப் பிள்ளைகள் லீலாவோடு சேர்ந்து மலையாள எழுத்தை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் சாய்வு நாற்காலியில் கிடந்து, பாலில்லாத கட்டன்சாயாவை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பின்கட்டுக் கோழிக்கூட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. துருப்பிடித்த கேட்டை யாரோ பாதி திறந்து, மனசு மாறி மூடியதுபோல.

பாட்டு நின்றது. பிறகு ஜிஜோ என்கிற பயல் "பூவன்!" என்றான். எங்கள் ஊரில் சேவலுக்குப் பூவன், பெட்டைக்குப் பிட. பதினெட்டுப் பிள்ளைகளும் கை தட்டினார்கள்.

மாடியில் செய்தித்தாள் மடிக்கும் சத்தம் கேட்டது. நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று சொல்ல, நான்கு மாதம் பின்னால் போகவேண்டும்.

முட்டை வந்த வழி

அந்த வருஷம் பள்ளி திறந்த புதிதில் லீலா பிள்ளைகளிடம், முட்டை எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறாள். பதினோரு பேர் கடையிலிருந்து என்றார்கள். ஒருத்தன் லாரியிலிருந்து என்றான். அவள் வருத்தத்தோடு அதை என்னிடம் சொன்னாள். வருத்தத்தோடு எதையாவது என்னிடம் சொன்னால் நான் உடனே பொறுப்பை எடுத்துக்கொள்வேன். "நம்ம ஸ்கூல்ல குஞ்சு பொரிக்க வச்சுக் காட்டுவோம்" என்றேன்.

சாலைக் கடைத்தெருவில் பதினைந்து வெள்ளை முட்டை வாங்கி வந்து மேசைமேல் அடுக்கினேன். லீலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு, சேவலோடு சேராத பண்ணைக் கோழி இட்ட முட்டை ஆம்லெட்டுக்குத்தான் ஆகும் என்பதைப் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு விளக்குகிற அதே நிதானத்தோடு எனக்கும் விளக்கினாள். மூன்று நாள் ஆம்லெட் சாப்பிட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டம் போய், என் அக்கா வளர்க்கும் நாட்டுக்கோழிகளின் முட்டை பதினைந்தை உமி நிரப்பிய பிஸ்கட் டின்னில் வைத்து, மடியிலேயே ஏந்திக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். நான் டின்னைத் தாங்கிய பயபக்தியைப் பார்த்து, உள்ளே அஸ்தி இருக்கிறது என்று பக்கத்து இருக்கைக்காரர் நினைத்துவிட்டார். கிழக்கேகோட்டை வரும்வரை அவர் என்னிடம் மிக மென்மையாகப் பேசிக்கொண்டு வந்தார். நானும் திருத்தவில்லை. அந்த மரியாதை எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை.

நூறு டிகிரி

பெட்டி, மீன்காரரிடம் வாங்கிய தெர்மோகோல் பெட்டி. லீலா அதை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். அப்படியும் முதல் வாரம் முழுவதும் வகுப்பில் சாளை மீன் வாசம் அடித்தது. உள்ளே ஒரு நாற்பது வாட் பல்ப், ஈரத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர், மேலே பார்ப்பதற்கு ஒரு கண்ணாடித் துண்டு. சூடு பார்க்க எங்கள் வீட்டுக் காய்ச்சல் வெப்பமானி.

இரண்டு நாள் அந்தப் பெட்டியில் சூடு நூறு டிகிரியிலிருந்து இம்மியும் நகரவில்லை. நான் வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் காட்டினேன். சாயங்காலம் அரைமணி நேரம் கரண்டு போனபோதும் நூறு. பல்பே ஃப்யூஸ் ஆனபோதும் நூறு. காய்ச்சல் வெப்பமானி ஏறினால், உதறினாலொழிய இறங்காது என்று மூன்றாம் நாள்தான் எனக்கு நினைவு வந்தது. முட்டைகளிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சுவரில் மாட்டுகிற வெப்பமானி ஒன்று வாங்கி வந்தேன்.

மற்றதெல்லாம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டிருந்தாள் லீலா. காலையில் வந்ததும் கை கழுவிக்கொண்டு வரிசையில் நின்று பெருக்கலை வட்டமாக்குவார்கள். மத்தியானம் வட்டத்தைப் பெருக்கலாக்குவார்கள். வீட்டுக்குப் போகும்போது மறுபடி. கரண்டு போகும் அரைமணி நேரமும் சுடுதண்ணீர் பாட்டில்களைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பது என் வேலை. ஏழாம் நாள் ஸ்டோர் ரூமை இருட்டாக்கி, டார்ச் மேல் முட்டையை வைத்துக் காட்டினோம். சிவப்பு நரம்புகள் சிலந்திபோலக் கால் பரப்பியிருந்தன. நடுவில் ஒரு புள்ளி துடித்தது. நான்கு முட்டை வெறும் வெளிச்சமாக இருந்தன. அவற்றை எடுத்துவிட்டோம். வெப்பமானி விவகாரத்தில் போனவையோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

பதினெட்டுப் பேரில் அந்தப் பெட்டியை விட்டு நகராதவள் சங்கரி. ஐந்து வயது. அக்ரகாரத்து வீட்டுப் பெண். ஒருநாள் அவள் அம்மா வாசலில் நின்று என்னிடம் முறையிட்டாள். "கோழியைத் தொட்டா குளிச்சுட்டுத்தான் உள்ள வரணும்னு சொல்லியிருக்கேன். இவ சந்தோஷமா மூணு வேளையும் குளிக்கறா" என்றாள். முட்டையைத் தொட்டால் குளிக்க வேண்டியதில்லை என்று நான் ஒரு தீர்ப்புச் சொன்னேன். அந்த அம்மாள் அதை ஏற்றுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

மாடிப்படியில் ஒரு வாக்கு

இந்தச் சமயத்தில்தான் குறுப்பு சார் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினார். மனிதருக்கு விடியும் நேரத்தில்தான் கண் அசரும். முன்பு ஒரு பக்கத்து வீட்டுச் சேவல் அந்தத் தூக்கத்தையும் கெடுத்ததில், அவர் கார்ப்பரேஷனுக்கு எழுதிய மனுக்கள் மட்டும் ஒரு ஃபைல் இருந்தன. அவர் சொன்னது சுருக்கம். கோழி வளர்த்துக்கொள்ளலாம், பூவன் கூடாது. ஒருநாள் கூவினாலும் பள்ளிக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளவேண்டும்.

சரி சார் என்று இறங்கி வந்திருக்கலாம். நான், "பொரிச்ச அன்னைக்கே பூவனைப் பிரிச்சு ஊருக்கு அனுப்பிருவேன் சார்" என்றேன்.

"அது பற்றுமோ?" என்று, முடியுமா என்னும் சந்தேகத்தோடு அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"எழுதித் தரவா சார்?"

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். முப்பது வருஷம் ஃபைல் பார்த்த மனிதரிடம் அப்படிச் சொல்லக்கூடாது. தாளும் பேனாவும் உடனே வந்தன. பூவன் ஏதும் வளாகத்தில் இருக்காது என்றும், கூவினால் பள்ளியை ஒரு மாதத்தில் காலி செய்து தருவதாகவும் படிக்கட்டுக் கைப்பிடியில் வைத்து எழுதினேன். கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டேன்.

லீலாவிடம் சொல்லவில்லை. அவளைக் கவலைப்படுத்துவானேன் என்று இருந்துவிட்டேன்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல என் நாக்கு வளையாது. திருவனந்தபுரத்துக்கு நான் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தபோது, கிழக்கேகோட்டை பஸ் நிற்குமிடத்தில் ஒரு குடும்பம் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு வழி கேட்டது. நான் கையை நீட்டி, வலது, இடது, மறுபடி வலது என்று அனுப்பிவைத்தேன். என் பஸ் தாமதமாகிவிட்டது. முக்கால் மணி கழித்து அந்தக் குடும்பம் கோட்டையைச் சுற்றிவிட்டு எதிர்ப்பக்கமாக வந்து, நான் நின்ற இடத்துக்கு நேர் எதிரே இருந்த அந்தக் கோயில் வாசலில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தது. குடும்பத் தலைவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

ரயிலில் கற்ற சாத்திரம்

இந்த ஆண் பெண் வித்தையை நான் ஒரு ரயில் பயணத்தில் கற்றேன். எதிர் இருக்கையில் இருந்தவர் ஒரு பெரிய பொரிப்பகத்தில் குஞ்சு பிரிப்பவர். நாள் முழுவதும் அதே வேலை. சிறகின் ஓரத்து இறகுகளைப் பாருங்கள், நீளமும் குட்டையுமாக மாறி மாறி இருந்தால் பெட்டை, எல்லாம் ஒரே நீளமானால் சேவல் என்றார். தன் விரல்களையே இறகாக விரித்துக் காட்டினார். அவ்வளவுதானா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

அது அதற்கென்றே இணைசேர்த்த சில பண்ணை இனங்களுக்கு மட்டும் பொருந்தும், நாட்டுக்குஞ்சில் ஒன்றும் சொல்லமுடியாது என்று பல வருஷம் கழித்து ஒரு கால்நடை மருத்துவர் எனக்கு விளக்கினார். ரயிலில் வந்தவரும் நிச்சயம் அதைச் சொல்லியிருப்பார். அந்த நேரத்தில் நான் ஜன்னல் வழியே வடை வாங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

இருபத்தோராம் நாள்

பொரித்த நாளை மட்டும் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அதற்கு முந்தின நாளே முட்டைக்குள்ளிருந்து கீச்சுக்குரல் கேட்க ஆரம்பித்துவிட்டது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காதை வைத்துக் கேட்டார்கள். மறுநாள் காலை ஓட்டில் ஒரு நட்சத்திரக் கீறல். ஜிஜோ உரித்து உதவப் போனான். அதுவே வரவேண்டும், நாம் உரித்தால் செத்துப்போகும் என்று லீலா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மணி நேரம் யாரும் ஒன்றுக்குப் போகக்கூடக் கேட்கவில்லை.

வெளியே விழுந்தது ஈரத்தில் ஊறிய பழைய துணித்துண்டு போல இருந்தது. இது கோழியில்லை என்று ஒரு பிள்ளை அழுதது. மத்தியானத்துக்குள் பல்பின் சூட்டில் காய்ந்து, பஞ்சு பூத்து, கறுப்பும் பழுப்புமாக உருண்டது. மொத்தம் எட்டு; மீதி மூன்று முட்டை பொரிக்கவேயில்லை. சங்கரி ஒன்றைக் கையில் வாங்கி, மூச்சுவிடவும் பயந்துகொண்டு நின்றாள்.

மறுநாள் நான் வெள்ளை வேட்டி கட்டி, நாற்காலி போட்டு உட்கார்ந்து, எட்டுக் குஞ்சின் சிறகையும் விரித்துப் பார்த்தேன். ஐந்து பெட்டை, மூன்று சேவல். சேவல்களின் காலில் சிவப்பு நூல் கட்டினேன். இறகு முளைக்கும்வரை அவையும் இருக்கட்டும் என்று வைத்திருந்து, ஓண விடுமுறைக்கு முன்னால் சிவப்பு நூல் மூன்றையும் கூடையில் போட்டு மார்த்தாண்டத்தில் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். வழியனுப்பும்போது சங்கரி என் வேட்டியைப் பிடித்து இழுத்து ஏதோ சொல்லி அழுதாள். குழந்தைக்குப் பாசம் என்று தலையைத் தடவிவிட்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வருகிறது. மீதி ஐந்துக்கும் கொண்டை சிவந்தது. தீவனம் நல்ல தீவனம் என்றேன். வாலில் இறகு வளைந்து தொங்கியது. லட்சணமான பெட்டைகள் என்றேன். அவற்றில் இரண்டு, கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு முட்டி மோதின. பெண்கள் சண்டை போடமாட்டார்களா என்றேன். லீலா இரண்டு தடவை, "கேட்டியளா, பாத்தா பூவன் மாதிரில்லா இருக்கு" என்றாள். நான் சிறகுச் சாத்திரத்தை எடுத்துச் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கென்ன, பூவனானால் பூவன். அந்த வீட்டில் அது பூவனாக இருக்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம்

இனி அந்தப் பத்தரை மணிக்கு வருவோம். முதல் கூவலைக் கேட்டு இரண்டாவது ஒன்று கூவியது. குறுப்பு சார் இறங்கி வந்தார். கையில் அந்தத் தாள்.

"பக்கத்து வீட்டுதாக்கும் சார்" என்றேன். என் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது கூவியது.

அவர் என்னைத் தாண்டிக் கூட்டுக்குப் போனார். லீலா வந்தாள். அவள் பின்னால் பதினெட்டுப் பிள்ளைகளும். இதில் எது பூவன் என்று அவர் பொதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சங்கரி முன்னால் வந்துவிட்டாள். வீட்டுப் பிள்ளைகளை அறிமுகப்படுத்துவதுபோல விரலை நீட்டிக்கொண்டே போனாள்.

"இது பூவனாக்கும். இதுவும் பூவன். இது, இது, அந்த மூலையில நிக்கறதும். எல்லாம் பூவன்தான் மாமா."

எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். அவள் இரண்டு கையையும் ஓங்கித் தட்டினாள். ஐந்தும் கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்று எங்களை முறைத்தன. பிட என்றால் இப்படிப் பதுங்கும் என்று அவளே முட்டி மடக்கிப் பதுங்கிக் காட்டினாள். ஓணத்துக்கு பஸ்ஸில் போன மூன்றும்தான் பிட, அன்றைக்கே மாமாவிடம் சொன்னேன், மாமா கேட்கவில்லை என்றாள்.

எட்டில் எட்டும் தவறு. கண்ணை மூடிக்கொண்டு பிரித்திருந்தால்கூட பாதியாவது சரியாக வந்திருக்கும்.

குறுப்பு சார் சிரிக்கவில்லை. தாளை லீலாவிடம் நீட்டினார். "டீச்சரே, ஒரு மாசம். அதுக்குள்ள வேற எடம் நோக்கிக்கோ."

லீலா வாசித்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. ஒரு சேவலை மிக உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு வருஷம் ஒவ்வொரு பிள்ளையாகச் சேர்த்து அவள் நடத்திய பள்ளி. அந்தச் சந்தில் வேறு யாரும் அவளுக்கு வீடு தரமாட்டார்கள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பிள்ளைச் சத்தம் என்றால் எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுவார்கள். வகுப்பறைச் சுவரில் அவள் கையால் எழுதிய எழுத்துகளைக் கழற்றுவதை நினைத்ததும் எனக்கு அதுவரை இருந்த தமாஷ் எல்லாம் வற்றிவிட்டது. சார், தப்பு என்னுடையது, நான் வேண்டுமானால் போய்விடுகிறேன் என்று உளறினேன். யாரும் கவனிக்கவில்லை.

அவள் தாளைத் திருப்பி அவரிடமே கொடுத்தாள். குரல் உயரவில்லை.

"சார், வாடகைச் சீட்டு என் பேருல. ஸ்கூல் என் பேருல. இதுல இருக்கது என் ஒப்பு இல்ல."

குறுப்பு சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். என் கையெழுத்தையும் அதன் கீழே இருந்த இரண்டு கோட்டையும் வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்தது. எத்தனையோ ஃபைல்களை உரிய நபர் கையெழுத்திடவில்லை என்று திருப்பி அனுப்பிய மனிதர், தன் சொந்த வீட்டில், உரிமையில்லாத ஆளிடம் உறுதிமொழி வாங்கி நான்கு மாதம் பூட்டி வைத்திருந்திருக்கிறார்.

"அப்போ இது செல்லாதல்லோ" என்றார் தனக்குள்.

"செல்லாது சார். ஆனா உங்க ஒறக்கம் எனக்குத் தெரியும். இண்ணைக்குப் பொழுது சாயுமுன்ன அஞ்சும் போகும். பிட மட்டும் நிக்கும். அத நான் சொல்லுதேன்."

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டீச்சர் சொன்னால் சரி என்றார். 'டீச்சர்' என்ற சொல்லை அழுத்திச் சொல்லி, என்னைப் பார்க்காமலே மாடி ஏறிவிட்டார்.

அதற்குள் விஷயம் புரிந்த பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் அழ ஆரம்பித்தார்கள். லீலா அவர்களை உட்கார வைத்து, இந்த ஐந்தும் ஊருக்குப் போகும், ஊருக்குப் போன மூன்றும் திரும்பி வரும், வந்து முட்டையிடும் என்று சொன்னாள். சங்கரி மட்டும் அழவில்லை. கூட்டுக்குள் கையைவிட்டு ஐந்துக்கும் கடைசியாக அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஐந்தையும் பிடித்துக் கூடையில் அடைத்தேன். கையெல்லாம் கொத்து. ஒருவழியாகக் கயிறு கட்டிவிட்டு நிமிர்ந்தபோது, அக்கா வீட்டு முற்றம் ஞாபகம் வந்தது. இதே வயதில், இதே கறுப்பும் பழுப்புமாக அங்கே இருபது இருபத்தைந்து மேய்ந்துகொண்டிருக்கும். சிவப்பு நூல் எப்போதோ அறுந்து போயிருக்கும். பழியைத் துடைக்க ஒரு வாய்ப்பு வந்ததாகவே எனக்குப் பட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நம்முடைய மூன்று பெட்டையையும் நானே பார்த்துப் பொறுக்கி எடுத்துக்கொண்டு சாயங்கால வண்டிக்கு வந்துவிடுகிறேன் என்று லீலாவிடம் சொன்னேன்.

அவள் கரும்பலகையை அழித்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்:

"சங்கரியக் கூட்டிட்டுப் போங்க."